நாலு கிலோ மோட்சம்

நம் பட்டணங்களில் ஒரு புது விரதம் கிளம்பியிருக்கிறது. கிராமங்களிலும் அது நுழைந்துவிட்டது. யாதொரு நோயுமில்லாத, சரியான எடையுள்ள பெண்கள், கல்யாணத்திற்குள் "நாலு கிலோ குறைத்தாக வேண்டும்" என்று இராச்சோற்றை நிறுத்திவிட்டு, வெள்ளரிக்காயை நறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். புருஷன் நீடூழி வாழ முன்பு பட்டினி. புருஷன் வீட்டார் கண்ணுக்கு அழகாய் இருக்க இப்போது பட்டினி. பட்டினி கிடப்பவள் மாத்திரம் அதே பெண்தான்!

ஐந்தடி நாலங்குல உயரமுள்ள ஒரு பெண் 54 கிலோ இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுவோம். எடையை மீட்டர்க் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 20-க்குச் சற்று மேல் வரும். உலக சுகாதார ஸ்தாபனம் 18.5 முதல் 25 வரை சரி என்கிறது. ஆசியாக்காரர்கள் 23-லேயே உஷாராக வேண்டுமென்று 2004-ல் வெளிவந்த அதன் நிபுணர் குழு அறிக்கை சொல்லுகிறது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் இவள் குறைக்க வேண்டியது ஒரு பலம்கூட இல்லை. பின்னை யாருக்காக இந்த வாட்டம்?

"மூன்றே நாளில் ஒன்றரைக் கிலோ போய்விட்டதே!" என்பார்கள். போனது எது? நம் உடம்பு மாவுச்சத்தை ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது. அதில் ஒரு கிராமோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோற்றை நிறுத்தினால் முதலில் தீர்வது இந்தச் சேமிப்புத்தான். நாலு வேளை ஒழுங்காய்ச் சாப்பிட்டால் போன தண்ணீர் வீடு திரும்பிவிடும். இதையறியாமல் தினம் காலையில் எடை இயந்திரத்தின்மேல் ஏறி, முள் காட்டுவதைத் தெய்வவாக்காய்க் கொண்டு அழுவது என்ன பகுத்தறிவு? (அந்நாள் ரயிலடி எடை இயந்திரம் சீட்டின் ஒருபக்கம் எடையையும் மறுபக்கம் ஜோசியத்தையும் அச்சடித்துத் தந்தது. இரண்டையும் ஒரே பக்தியோடு படித்தவர்கள் உண்டு.)

பசித்தவள் எந்நேரமும் தின்பண்டத்தை நினைத்தால், "மனவுறுதி இல்லாதவள்" என்று ஏசுகிறார்கள். 1945-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 திடகாத்திரமான வாலிபர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டுச் சோதித்தார்கள். அவர்கள் குளிரில் நடுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பற்றுப் போனார்கள். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு வாசித்தார்கள்! அது நாலு கிலோவுக்கு மிகவும் மேற்பட்ட பட்டினிதான். ஆனாலும் பசித்த மூளை சோற்றை நினைப்பது குணக்கேடல்ல என்பதை அது காட்டிவிட்டது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேர் இரத்தசோகைக்காரர்கள். கீரையும் பருப்பும் முட்டையும் இன்னும் ஒரு கை கூடுதலாய் விழவேண்டிய தட்டிலிருந்தா நாம் எடுப்பது?

எடையே பார்க்கக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. எடை சரியாயிருந்தும் வயிறு முன்தள்ளினால் நீரிழிவுக்கு இடமுண்டு. நம்மவர்களுக்கு இது அதிகம். இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் நடக்க வேண்டியதுதான், சோற்றைக் குறைக்க வேண்டியதுதான். அது வைத்தியம், அதற்கு முகூர்த்தநாள் கிடையாது.

அதிருக்கட்டும். பெண்ணின் நாலு கிலோவைத் துல்லியமாய்க் கணக்குப் பார்க்கும் சம்பந்தி வீட்டார், மாப்பிள்ளையின் இடுப்பில் ஒருநாளாவது டேப் வைத்துப் பார்த்ததுண்டா என்று கேட்கிறோம்.