திறன்பேசியா, கணினியா? என் தேர்வு கணினியே!



“கைப்பேசிதான் இருக்கே டீச்சர், கம்ப்யூட்டர் எதுக்கு?” என்று பண்டமாரானில் பெற்றோர் பலர் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். மடிக்கணினி வாங்குவது எல்லாக் குடும்பங்களுக்கும் எளிதன்று. ஆயினும், தொடக்கப்பள்ளி மாணவர் எழுதிப் பழகத் திறன்பேசியைவிடக் கணினியே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. காரணங்களைக் கூறுகிறேன்.

முதலாவது, திறன்பேசி யாருடையது? பெரும்பாலான வீடுகளில் அது அப்பாவுடையது, அல்லது அம்மாவுடையது. அப்பா துறைமுகத்திற்கு வேலைக்குச் சென்றால் அதுவும் உடன் செல்கிறது. வீட்டுப்பாடம் புலனக் குழுவில் காத்திருக்கும், பிள்ளையும் காத்திருக்கும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது இந்நிலை நாடு முழுவதும் வெளிப்பட்டது. அக்காலத்தில் கல்வி அமைச்சு எடுத்த ஆய்வின்படி, ஏறக்குறைய 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. திறன்பேசி வைத்திருந்தோர் 46 விழுக்காட்டினர். மடிக்கணினி வைத்திருந்தோர் 9 விழுக்காட்டினர் மட்டுமே. இல்லிருப்புக் கற்றலைத் திறன்பேசிதான் தாங்கிப் பிடித்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், நெருக்கடிக்குக் கைகொடுத்த கருவியே நிரந்தரக் கல்விக் கருவியாகிவிடக் கூடாது.

இரண்டாவது, எழுத்து. திறன்பேசியில் ஆங்கில எழுத்துகளால் தட்டினால் சொற்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ‘பள்ளி’யும் ‘பல்லி’யும் அருகருகே தோன்றலாம். லகர, ளகர, ழகர வேறுபாடு மனத்தில் பதியாத பிள்ளை கைக்கு எட்டியதைத் தொட்டுவிடும். பிழையும் வளரும், பிழை என்ற உணர்வும் வராது.

தமிழ்99 விசைப்பலகையில் அவ்வாறன்று. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். ககர விசையை அடுத்து இகர விசையைத் தட்டினால் ‘கி’ பிறக்கிறது. அ, ம, ம, ஆ என நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ வருகிறது. புள்ளி தானே அமைகிறது. உயிர்மெய் பிறக்கும் முறையை நாம் கரும்பலகையில் விளக்குகிறோம். இங்கு விரல்கள் அதையே செய்து பார்க்கின்றன.

“தமிழ்99 திறன்பேசியிலும் உண்டே!” எனலாம். உண்மைதான். ஆனால், சிறு திரையில் ஒரு பத்திகூட முழுதாய்த் தெரிவதில்லை. எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்துவதே கட்டுரைப் பயிற்சியின் உயிர். கணினித் திரையில் தொடக்கமும் முடிவும் ஒருங்கே தெரிவதால், பிள்ளை தன் பிழையைத் தானே காண்கிறது. மேலும், எழுதிக்கொண்டிருக்கும்போதே விளையாட்டும் காணொளியும் வந்து அழைக்கும் கருவியில் கவனம் நிலைப்பது கடினம். கணினியிலும் இவை உண்டு. ஆனால் கூடத்தில் வைத்த கணினியைப் பெரியவர்கள் பார்க்கலாம். போர்வைக்குள் இருக்கும் திறன்பேசியை யார் பார்ப்பது?

திறன்பேசியை அறவே ஒதுக்கச் சொல்லவில்லை. வாசிப்பைப் பதிவு செய்யவும், உச்சரிப்பைத் தானே கேட்டுத் திருந்தவும் அதைவிடச் சிறந்த கருவி இல்லை. பேச்சுக்குத் திறன்பேசி, எழுத்துக்குக் கணினி என்பதே என் பிரிப்பு.

இதில் நமக்குத் தனிக் கடமையும் உண்டு. முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியர். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அத்தகைய மண்ணில் நம் பிள்ளைகள் தமிழில் ஒரு பக்கம் தட்டச்சு செய்யத் திணறலாமா?

எல்லாரும் புதுக்கணினி வாங்க வேண்டியதில்லை. உடன்பிறப்புகள் பகிர்ந்துகொள்ளப் பழைய கணினி ஒன்று போதும். அதற்கும் வழியில்லாத பிள்ளைகளுக்காக, வாரம் இருமுறை பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் கணினி அறையைத் திறந்துவைக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் முன்வரலாம். ஆசிரியர்களாகிய நாமும் முறைவைத்து உடனிருக்கலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதனை முன்வையுங்கள்.