மேசையடிச் சுவிட்ச்
கடலூர்–சிதம்பரம் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டையைக் கடந்தால் முதலில் தெரிவது வாடை. ஆலைகளின் கேட்டும் கேமராவும் அப்புறம்தான். இரவுக் காவலாளியின் மேசையடியில் ஓர் அழைப்புமணிச் சுவிட்ச் வைத்து, இரண்டு ஒயரை டிவிஆர் என்னும் கேமரா பதிவுப் பெட்டியின் அலாரம் முனையில் மாட்டினால் அழுத்தியதும் பதிவு தொடங்கும். முன்பதிவு வசதி இருந்தால் முந்தைய சில விநாடிகளும் சேரும். மலிவான ஏற்பாடுதான். ஆனால் இதை மட்டும் நம்பினால், தப்பு செய்கிறவனே அழுத்த வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பான். 2020இல் காவல் மரண வழக்கில் சிக்கிய சாத்தான்குளம் காவல் நிலையத்தில், ஹார்டு டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடமிருந்தும் காட்சிகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததை நீதித்துறை நடுவரின் அறிக்கை சொன்னது. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம் காக்கச் சொன்னது. ஆலை கேமராவும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். சுவிட்ச், இந்த நேரத்தை அழிக்காதே என்று குறி போட மட்டும்.