குரூஸ் கண்ட்ரோல் போட்டா டீசல் மிச்சமா?

புதுசா கார் எடுக்கிற நம்ம சம்சாரிகள்கிட்ட ஷோரூம்ல சொல்றது இதுதான்: "குரூஸ் கண்ட்ரோல் இருக்கிற மேல் மாடலை எடுங்க, மைலேஜ் கூடும்." பாதி உண்மைங்க அது.

டிராக்டர்ல கை ஆக்சிலேட்டரை ஒரே நிலையில வச்சு உழுதா இன்ஜின் சீரா ஓடும்ல, அதே கணக்குதான். காரை அமுக்கி அமுக்கி விட்டு ஓட்டுனா, குறைஞ்ச வேகத்தை மறுபடி ஏத்துறதுக்கே டீசல் போயிடும். சமதளமான நாலுவழிச் சாலையில குரூஸ் இதைத் தடுக்கும்.

மேடு வந்தா கதை வேற. சேலத்துலருந்து தருமபுரி போறப்ப தொப்பூர் கணவாய் ஏத்தத்துல, வச்ச வேகம் குறையக் கூடாதுன்னு குரூஸ் டீசலை அள்ளி ஊத்தும். நாம ஓட்டுனா 80 கொஞ்சம் 70 ஆகட்டும்னு விட்டுப் பிடிப்போம்.

எந்த வேகத்துல போறோம்கிறதுதான் முக்கியம். காத்தோட எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏத்தபடி கூடும். 80-ல இருக்கிறதைவிட 100-ல அது ஒன்றரை மடங்குக்கும் மேல. அதனால 100-ல குரூஸ் போட்டுப் போறவரைவிட, 80-ல நிதானமா காலால ஓட்டுறவருக்குத்தான் மிச்சம்.

நம்ம ஊர் ரோட்டைச் சொல்லவே வேணாம். ஆட்டு மந்தை, வேகத்தடை, ரோட்டுலயே காயுற நெல்லு. அங்க குரூஸ் ஆபத்துதான்.

நீண்ட தூரம் அடிக்கடி போறவங்களுக்குக் கால் வலி குறையும், அது நிஜமான லாபம். ஆனா மைலேஜை நம்பி மட்டும், நெல்லு வித்த காசை மேல் மாடல்ல கொட்டாதீங்க. அந்தப் பணத்துக்கு நிலத்துல வேலை இருக்கு.