கல்லைக் கட்டிக் கடலில் போட்டாலும்...

நாவுக்கரசர் கதை தெரியாதவர் தமிழ்நாட்டில் யார்? சைவக் குடும்பத்தில் பிறந்தார். சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனார். பிறகு சைவத்துக்கே திரும்பினார். பல்லவ மன்னனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கடைசியில் கல்லைக் கட்டிக் கடலில் தள்ளினான். பெரிய புராணம் சொல்லும் கதை இது. கல் மிதந்ததா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். நாம் கேட்பது ஒன்றே: இத்தனை தண்டனைக்கும் அந்த மனிதரின் மனம் மாறிற்றா? மாறவில்லை. மாறியவன் மன்னன்தான்!

அதே புராணம், மதுரையில் வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறியதையும் சொல்கிறது. முதல் தண்டனைக்குக் கண்ணீர் வடித்தவர்கள், இரண்டாவதை வெற்றி என்று பாடினார்கள்! தன் மதத்தான் அடிபட்டால் கொடுமை. பிற மதத்தான் மாண்டால் தருமம். என்னே நியாயம்!

பழங்கதையை ஏன் கிளறுகிறோம்? பல்லவன் மாண்டான், அவன் புத்தி மாளவில்லை. இன்று அது சட்டப் புத்தகத்தில் குடியேறியிருக்கிறது.

மனத்துக்கு ஒரு நோட்டீஸ்!

உத்தரப் பிரதேச சர்க்கார் 2021ல் இயற்றிய சட்டத்தைப் பாருங்கள். மதம் மாற விரும்புகிறவர் 60 நாள் முன்னதாக மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அவருடைய உண்மையான நோக்கம் என்ன என்று போலீஸ் விசாரிக்கும். எழுதிக் கொடுக்காமல் மாறினால், மாறியவருக்கே 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. மாற்றியவர் தாம் குற்றமற்றவர் என்று தாமே நிரூபிக்க வேண்டும். 2024ல் திருத்தம் வந்தது. சில குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை வரை போயிற்று. ஆனால் முந்தைய மதத்துக்கே ஒருவர் திரும்பினால் அது மதமாற்றமே அல்லவாம்! வெளியே போகும் கதவுக்குப் பூட்டு. உள்ளே வரும் கதவு அகலத் திறப்பு. இதன் பெயர் மதச் சுதந்திரம் என்றால், சிறைக்கூடத்துக்கும் விடுதி என்று பெயர் வைக்கலாம்.

இச்சட்டத்தின் வக்கீல்கள் சொல்வதென்ன? "மதம் அவனவன் இஷ்டப்பட்டு எடுத்துக்கொள்வது. இஷ்டப்பட்டுச் செய்த காரியத்துக்குப் பொறுப்பேற்க வேண்டாமா?" என்கிறார்கள்.

நம்பிக்கை என்ன, சட்டையா? வேண்டும்போது மாட்டி வேண்டாதபோது கழற்ற? வாசகரே, ஒரு சோதனை செய்து பாருங்கள். சூரியன் மேற்கே உதிக்கிறது என்று நாளைக் காலை முதல் மாலை வரை நம்பப் போவதாகத் தீர்மானியுங்கள். நூறு ரூபாய் கொடுத்தாலும் முடியாது. நூறு சவுக்கடி கொடுத்தாலும் முடியாது. வாய் சொல்லும், மனம் சொல்லாது. தாய் மடியில் கேட்டது, பட்ட அவமானம், படித்த புத்தகம், பக்கத்தில் நின்ற மனிதனின் அன்பு — இவையெல்லாம் சேர்ந்து ஒரு நம்பிக்கையை வளர்க்கின்றன; இவையே இன்னொன்றைத் தேய்க்கின்றன.

மனிதன் தேர்ந்தெடுப்பது செயலைத்தான். கோயிலுக்குப் போவதும், ஞானஸ்நானம் பெறுவதும், பிரசங்கம் செய்வதும் செயல்கள். அச்செயல் பிறரை அடித்தால், ஏமாற்றினால், மிரட்டினால் தண்டியுங்கள்; அதற்குக் கிரிமினல் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் நம்பிக்கையைத் தண்டிக்கிறவன், மனிதன் கையில் இல்லாத ஒன்றுக்காக அவன் கையில் விலங்கு பூட்டுகிறான். அதனால் அவன் பெறுவது நம்பிக்கை அல்ல, பொய்!

டாக்டர் அம்பேத்கர் 1935ல் இயோலாவில், தாம் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14ல். நடுவே 21 ஆண்டுகள்! படித்தார், விவாதித்தார், எடைபோட்டார். இத்தகைய மனத்தின் உண்மையான நோக்கத்தை ஒரு போலீஸ் அதிகாரி 60 நாளில் அளந்து சொல்வாராம்!

இந்த நியாயத்தை நாம் பிறருக்கு மட்டும் சொல்லவில்லை. சோஷலிசத்தின் பெயரால் அல்பேனியா 1967ல் கோயில்களையும் மசூதிகளையும் பூட்டியது. பாதிரிமாரைச் சிறையில் தள்ளியது. 1976ல் அரசியல் சட்டத்திலேயே மதத்துக்குத் தடை எழுதியது. நடந்தது என்ன? 1990ல் தடை தளர்ந்ததும் மக்கள் கூட்டம் கூட்டமாகத் தொழப் போனார்கள். அடக்குமுறை அங்கும் நம்பிக்கையை ஒழிக்கவில்லை, ஒளித்து வைத்தது. தவறு எவர் கையால் நடந்தாலும் தவறே.

ஆசை காட்டுவது யார்?

"ஏழைகளை ஆசை காட்டி இழுக்கிறார்களே!" என்கிறார்கள். உத்தரப் பிரதேசச் சட்டத்தின்படி வேலை தருவதும், மத ஸ்தாபனம் நடத்தும் பள்ளியில் இலவசப் படிப்பு தருவதும், நல்வாழ்வு கிடைக்கும் என்பதும்கூட ஆசை காட்டுதலே. 1981ல் நெல்லைச் சீமையில் மீனாட்சிபுரத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள் இஸ்லாத்தில் சேர்ந்தபோது, வெளிநாட்டுப் பணம் என்று நாடெங்கும் கூச்சல் எழுந்தது. அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த சாதி இழிவைப் பற்றி அந்தக் கூச்சலில் எத்தனை வார்த்தை இருந்தது? மனிதனாக மதிக்கப்பட வேண்டும் என்ற ஆசை குற்றமா?

சரி, ஆசை காட்டுவதே குற்றமென்றால் முதல் குற்றவாளி யார்? 1950 ஆகஸ்டில் பிறந்த ஜனாதிபதி உத்தரவின் மூன்றாவது பிரிவைப் பாருங்கள். இந்துவாக இருந்தால்தான் ஒருவர் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இருக்கலாம். 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. மாறினால் ஒதுக்கீட்டு வேலை போகும்; தனித்தொகுதியில் நிற்கும் உரிமை போகும்; வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் போகும். "இருந்தால் தருவோம், போனால் பறிப்போம்" என்பது ஆசை காட்டலா, மிரட்டலா? இரண்டும்தான்!

சென்னை வீதியோரம் செருப்புத் தைத்த ஒரு தொழிலாளி இதை அனுபவித்தார். அவரைப் போன்ற தொழிலாளருக்குச் சர்க்கார் பெட்டிக்கடை கொடுத்தது. ஆதிதிராவிடராகப் பிறந்த அவர் கிறிஸ்தவர் ஆகிவிட்டதால் அவருக்கு இல்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று, 1985ல் தோற்றார். புதிய மதத்திலும் பழைய கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லையாம்! திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில், செத்த பிறகும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரைப் பிரித்து நிற்கும் சுவர் சாட்சி சொல்லாதா? ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரைவதில்லை. அது திருச்சபையின் வெட்கம். ஆனால் அதைக் காரணங்காட்டி உரிமையைப் பறிப்பது சர்க்காரின் வெட்கம்.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். மதம் மாறியதால் ஒருவரின் சொத்துரிமை போகாது என்று 1850ல் சட்டம் செய்தது அந்நியக் கம்பெனி ஆட்சி. சரியாக நூறாண்டு கழித்து, சுதந்திர நாட்டின் உத்தரவு, மதம் மாறியதால் சலுகை போகும் என்றது!

பட்டியலை மதத்திலிருந்து பிரித்துவிடுங்கள் என்று ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007ல் சொன்னது. 2022ல் இன்னொரு கமிஷனை அமைத்தார்கள். செருப்புத் தைப்பவரின் பேரப்பிள்ளைகள் கமிஷன்களை எண்ணிக்கொண்டே வளர வேண்டுமா?

இத்தகைய சட்டங்கள் அசைக்க முடியாதவை அல்ல. தமிழ்நாட்டிலும் 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது. மக்கள் எதிர்த்தார்கள், தேர்தலில் பாடம் புகட்டினார்கள், 2004ல் கொண்டுவந்தவர்களே திரும்பப் பெற்றார்கள்.

எனவே நாம் கேட்கிறோம்: மனத்துக்கு நோட்டீஸ் கேட்கும் சட்டங்களை ரத்துச் செய்க! 1950 உத்தரவின் மூன்றாவது பிரிவை நீக்குக! பலாத்காரத்தையும் மோசடியையும் தண்டியுங்கள், தடையில்லை. கோயிலுக்குப் போகிறவரும், தேவாலயத்துக்குப் போகிறவரும், மசூதிக்குப் போகிறவரும், எங்கும் போகாதவரும் சேர்ந்து எழுப்ப வேண்டிய கோரிக்கை இது. இன்று பக்கத்து வீட்டான் மனத்தில் நுழையும் போலீஸ், நாளை நம் மனத்தின் கதவையும் தட்டும்.