அரையாண்டு விடுமுறை வாசிப்பு: எங்கள் வாசகர் வட்டத்தின் நிலைப்பாடு

அரையாண்டுத் தேர்வின் கடைசித் தாளை எழுதி முடித்ததும் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒன்பது பத்து நாள். அந்த நாட்களில் அவர்கள் கதைப் புத்தகம் படித்தால் நல்லது என்பதில் பள்ளிக்கும் பெற்றோருக்கும் எங்களுக்கும் பிணக்கு இல்லை. எப்படிப் படிக்க வைப்பது என்பதில்தான் இருக்கிறது. விடுமுறை வாசிப்புக்கு எழுத்து வேலையோ எண்ணிக்கையோ போட்டியோ பரிசோ வைக்கக் கூடாது என்று கிளை நூலகம் ஒன்றில் இயங்கும் எங்கள் வாசகர் வட்டம் முடிவு செய்திருக்கிறது.

போன டிசம்பரில் நூலகத்தில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தரையில் சம்மணம் போட்டு ஒரு படக்கதையில் மூழ்கியிருந்தாள். எங்கள் உறுப்பினர் பக்கத்தில் போனதும் சட்டென்று மூடிவிட்டு, "இன்னும் எழுத ஆரம்பிக்கல அண்ணா" என்றாள். பள்ளியில் தாள் கொடுத்திருந்தார்கள்: நூலின் பெயர், ஆசிரியர், கதைமாந்தர், கதை உணர்த்தும் நீதி. பத்து நூலுக்குப் பத்துத் தாள், கீழே பெற்றோர் கையொப்பம். அலமாரியிலேயே மெலிந்த பத்துப் புத்தகமாகப் பார்த்து ஒதுக்கி வைத்திருந்தாள். பின்னட்டையைப் பார்த்தே எழுதிவிடலாமாம். கையிலிருந்த படக்கதை அந்தப் பத்தில் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இதுல நீதி இல்லண்ணா" என்றாள்.

தாளைத் தயாரித்த ஆசிரியர் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனாலும் அவரையும் நம்மையும் படிக்க வைத்தது இப்படி ஒரு தாளா? 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவையும், 1972-இல் வந்த முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியையும் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்த தலைமுறைதான் இன்று பெற்றோராகவும் தாத்தா பாட்டியாகவும் இருக்கிறது. கண்டுபிடித்தால் திட்டு விழுந்தது, உண்மை. கதைச் சுருக்கம் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பெற்றோரிடம் நாங்கள் கேட்பது கொஞ்சம்தான். பாதியில் பிடிக்காமல் போனால் பிள்ளை புத்தகத்தை வைத்துவிடட்டும். பிடித்ததை நாலாவது முறை படிக்கட்டும். கிரிக்கெட் புள்ளிவிவரமோ விடுகதையோ சமையல் குறிப்போ, எதுவும் வாசிப்புதான். பக்கத்தைத் தாண்டிப் போவதும் முடிக்காமல் விடுவதும் வாசகரின் உரிமைகள் என்று பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992-இல் பட்டியலே போட்டார். நாம் பெரியவர்கள் அந்த உரிமைகளைத் தாராளமாக அனுபவிக்கிறோம். பிள்ளைக்கு மட்டும் மறுக்கிறோம்.

தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள், முக்கியமாக ஆங்கில வழியில் படிப்பவர்கள், இப்போது எல்லா வீட்டிலும் உண்டு. ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தி லகர ளகரம் திருத்தினால் மறுநாள் புத்தகத்தைத் தொட மாட்டார்கள். நீங்கள் ஒரு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள், அவர்கள் ஒரு பக்கம் படிக்கட்டும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் வந்திருக்கின்றன. எட்டாம் வகுப்புப் பையன் 'நுழை' நூலை எடுத்தால் சிரிக்காமல் இருப்பதே பெரிய உதவி.

எங்களுக்குப் பெரிய மனத்தாங்கல் பூட்டிய பீரோதான். நல்ல நல்ல நூல்கள் பல பள்ளிகளில் தலைமையாசிரியர் அறைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அட்டை மடியாமல் நிற்கின்றன. இருப்புப் பதிவேட்டில் ஒன்று குறைந்தால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும். பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆகவே ஆசிரியர்களைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, கிழிந்த நூலையும் தொலைந்த நூலையும் தண்டம் இல்லாமல் கணக்கிலிருந்து நீக்கும் எளிய வழியைத் துறையிடம் கேட்கிறோம். விடுமுறைக்கு முந்தைய நாள் பீரோவைத் திறந்து, பிள்ளைக்கு இரண்டு நூல் கொடுத்தனுப்ப வேண்டும். 1931-இலேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நமக்குப் பீரோவிலிருந்து பிள்ளையின் பைவரைதான் தூரம்.

பரிசு கூடாது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. பேனாவாவது கொடுத்தால்தான் பிள்ளைகள் வருவார்கள் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் இன்றும் வாதிடுகிறார். முன்பு ஓராண்டு கொடுத்துப் பார்த்தோம், நல்ல கூட்டம். பரிசளிப்பு முடிந்த மறுநாள், பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க நூலகத்தில் விரித்த பாய் காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகே பெரும்பான்மையோர் இந்தப் பக்கம் வந்தோம். பரிசுக்கு ஒதுக்கும் காசைப் பெற்றோர் புத்தகக் காட்சிக்கு எடுத்துப் போகலாம். அங்கே தேர்வு பிள்ளையுடையது. பணம் கட்டுவது மட்டும் உங்கள் வேலை.

இந்த விடுமுறையில் நூலகம் திறந்திருக்கும் நாட்களில் சிறுவர் பகுதியில் காலை பத்து முதல் ஒரு மணி வரை பாய் விரித்து வைப்போம். உறுப்பினர் அட்டை இல்லாத பிள்ளைக்கு எங்கள் உறுப்பினர்கள் தங்கள் அட்டையில் எடுத்துத் தருவார்கள். போன ஆண்டு அப்படிப் போனதில் ஏழு புத்தகங்கள் திரும்பவில்லை. விலையை நாங்களே கட்டினோம். பொங்கல் கழித்து மூன்று வந்து சேர்ந்தன. ஒன்றில் கரும்புச் சாறு பட்டு நாலு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அப்படியே அலமாரியில் வைத்திருக்கிறோம். இன்னும் எடுத்துப் போகிறார்கள்.