வீட்டில் கற்கும் பிள்ளைக்கு ஊக்கம் எது?

பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறது, பாடவேளை மாறுகிறது, ஆசிரியை வருகிறார், நாமும் புத்தகத்தைத் திறக்கிறோம். ஆர்வம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காரியம் நடந்துவிடுகிறது. நாற்பது பேர் எழுதிக்கொண்டிருக்கும்போது நாற்பத்தோராவது பிள்ளையும் எழுதித்தான் தீரவேண்டும். ஆனால் மணியும் இல்லை, தோழியரும் இல்லை, ஓர் அறையும் ஒரு கட்டிலும்தான் உலகம் என்றிருக்கும் பிள்ளையைப் படிக்க வைப்பது எது? இதைப் பற்றி எழுத எனக்கு வயது போதுமா என்று சிலர் நினைக்கலாம். கடந்த ஓராண்டாக நான் இந்தக் கேள்வியோடுதான் காலையில் எழுந்திருக்கிறேன்.

வீட்டிலிருந்து கற்பது நமக்குப் புதிதல்ல. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா நோயினால் பள்ளிகள் மூடப்பட்டபோது நாம் எல்லோருமே அப்படித்தான் கற்றோம். கடுமையான ஊனமுள்ள பிள்ளைகள் வீட்டிலேயே கல்வி பெறலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் திருத்தம் செய்திருக்கிறார்கள். தாமே விரும்பிப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிக்கும் பெற்றோரும் நம் நாட்டில் உண்டு. அந்தப் பிள்ளைகளில் பலர் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதுகிறார்கள்.

என் தம்பியின் கதை வேறு. அவனுக்கு எட்டு வயது. இடுப்பு மூட்டில் வந்த நோயினால் ஓராண்டுக் காலம் காலை ஊன்றக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பகலில் அம்மாவும், மாலையில் ஜெபம் முடிந்தபின் நானும் அவனுக்கு ஆசிரியைகள் ஆனோம். முதல் இரண்டு வாரம் நன்றாக நடந்தது. பிறகு அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பெரிய அட்டை ஒன்றில் கட்டம் போட்டு, ஒரு பக்கம் வாசித்தால் ஒரு தங்க நட்சத்திரம், ஒரு கணக்குச் செய்தால் ஒரு நட்சத்திரம், பத்து சேர்ந்தால் ஒரு மிட்டாய் என்று எழுதிச் சுவரில் மாட்டினேன். அன்று மாலையே பதினான்கு நட்சத்திரம் வாங்கினான்! அம்மா என்னைத் தட்டிக்கொடுத்தார். நானும் பெரிய கல்வி நிபுணி ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் சென்றது. எங்கள் பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது. ஒரு நாள் மாலை பாட்டி பைபிளை எடுத்து வந்து, "ராசா, ஒரு அதிகாரம் வாசி, கேட்கிறேன்" என்றார். அவன் என்னைப் பார்த்து, "இதுக்கு எத்தனை நட்சத்திரம் அக்கா?" என்று கேட்டான்.

பாட்டி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்குச் சென்ற நாளில், பாட்டி கேட்காமலேயே பஸ்ஸில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தையும், மளிகை கட்டிய தாளையும் உரக்க வாசித்துக் காட்டிய பையன் இவன். அந்தப் பையனை நான் எங்கே தொலைத்தேன்?

நூலகத்திலிருந்து எடுத்த உளவியல் நூல் ஒன்றில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூவர் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கனவே விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினரிடம் "வரைந்தால் நாடா ஒட்டிய சான்றிதழ் தருவோம்" என்று முன்னதாகவே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தபோது, முன்னதாகப் பேசிவைத்துப் பரிசு பெற்ற குழந்தைகள் மற்றவர்களைப் போலப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை. கெடுதல் பரிசில் இல்லை, பேரத்தில் இருக்கிறது என்று இதிலிருந்து நான் புரிந்துகொண்டேன். பிடித்துச் செய்த ஒன்றைக் கூலிக்குச் செய்த வேலையாக அந்தப் பேரம் மாற்றிவிடுகிறது. கூலி நின்றால் வேலையும் நிற்கிறது.

அப்படியானால் பரிசும் கண்டிப்பும் இல்லாமல் பிள்ளையை அதன் போக்கில் விட்டுவிடலாமா? இங்கேதான் நம் சிறுமலர், குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளை நினைத்துக்கொள்கிறேன். அவர் வீட்டிலேயே எழுத்துப் பழகியவர் என்பதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். 1877-இல் தாயார் இறந்தபோது தெரேசாவுக்கு நாலரை வயது. தந்தை லூயி மார்ட்டின் ஐந்து பெண் பிள்ளைகளோடு லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். சின்னவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அக்காள் போலின். அப்போது அந்த அக்காளுக்கு வயது பதினாறு! இதைப் படித்தபோது எனக்குச் சற்றுத் தைரியம் வந்தது.

போலின் அக்காள் இளகிய ஆசிரியை அல்ல. காரணமில்லாமல் கடிந்துகொள்ள மாட்டார். ஆனால் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் மாற்றவும் மாட்டார். மாலையில் உலாவப் போகலாம் வா என்று அப்பாவே அழைத்தாலும், போலின் சம்மதிக்கவில்லை என்று தெரேசா சொல்லிவிடுவாராம். அப்பா போய் மகளிடம் சிபாரிசு செய்ய வேண்டும். இலக்கணம் என்றால் தெரேசாவுக்குக் கண்ணீர்தான். ஆண்பால் பெண்பால் வேறுபாடு அவரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. ஞானோபதேசமும் வேத சரித்திரமும் பிரியமான பாடங்கள். பரிசளிப்பு விழாகூட அந்த வீட்டில் நடந்தது. ஒரே மாணவி, பார்ப்பவர்கள் குடும்பத்தார், பரிசு கொடுப்பவர் அப்பா. ஆனால் உழைத்ததற்கு உரியதுதான் கிடைக்கும், சலுகை கிடையாது. அந்த மேடையில் நிற்கும்போது நெஞ்சு படபடக்கும் என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

ஆகவே புனிதையின் வீட்டிலும் பரிசு இருந்தது, கண்டிப்பும் இருந்தது. பிறகு என் அட்டைக்கும் போலினின் பரிசுக்கும் என்ன வேற்றுமை? நீண்ட நாள் யோசித்தேன். அந்த வீட்டில் மாலைதோறும் பெரியவர்களே வாசித்தார்கள். திருவழிபாட்டு ஆண்டைப் பற்றிய ஒரு பெரிய நூலை அக்காள்மார் உரக்க வாசிக்க, அப்பாவும் பிள்ளைகளும் கேட்டார்கள். பிறகு வேறொரு நல்ல நூலில் சில பக்கங்கள், பிறகு அப்பாவின் பாட்டு. படிப்பு அங்கே சின்னவளுக்கு மட்டும் விதித்த வேலை அல்ல. எங்கள் வீட்டிலோ, தம்பியைப் "படி, படி" என்று சொல்லிவிட்டு நான் என் தேர்வுக்குக் குறிப்பு மனப்பாடம் செய்தேன், அப்பா கைப்பேசியைப் பார்த்தார், அம்மா சமையலறையில் இருந்தார். சந்தோஷத்துக்காக ஒருவர் புத்தகத்தைத் திறப்பதை அந்தப் பிள்ளை எங்கே கண்டது? பெற்றோர்கள் கோபிக்கக் கூடாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எட்டரை வயதில் தெரேசா பெனதிக்து சபைக் கன்னியரின் பள்ளியில் சேர்ந்தார். வகுப்பில் முதன்மையாக இருந்தும், அந்த ஐந்து ஆண்டுகள் தமக்குத் துயரமானவை என்று எழுதியிருக்கிறார். (சகோதரிகள் மன்னிக்க வேண்டும். அவரைவிட வயதில் மூத்த ஒரு மாணவியின் பொறாமையும் அதற்குக் காரணம்!) பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு, ஓர் ஆசிரியையிடம் தனியாகப் பாடம் கேட்டார். அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு வியப்பு. பதினான்கு வயதில், அறிய வேண்டும் என்ற பெரும் தாகம் அவருக்கு உண்டாயிற்று. ஆசிரியை கொடுத்த பாடம் போதாமல் சரித்திரத்தையும் விஞ்ஞானத்தையும் தாமாகவே படித்தார். பல ஆண்டுகளில் கற்றதைவிட அந்தச் சில மாதங்களில் அதிகம் கற்றதாகச் சொல்கிறார். அந்த ஆசை எல்லை மீறக் கூடாதென்று, இத்தனை மணி நேரம்தான் படிப்பேன் என்று தமக்குத் தாமே கட்டுப்பாடும் விதித்துக்கொண்டார். நமக்கெல்லாம் தார்க்குச்சி தேவைப்படுகிறது, அவருக்குக் கடிவாளம் தேவைப்பட்டிருக்கிறது! பதினைந்து வயதில் கார்மேல் மடத்தில் நுழைந்த அந்தப் பெண்ணைத் திருச்சபை 1997-இல் மறைவல்லுநராக அறிவித்தது. அவர் தன் வரலாற்றை எழுதத் தொடங்கியதும், அப்போது மடத்தின் தலைவியாக இருந்த அதே போலின் அக்காள் கேட்டுக்கொண்டதால்தான்.

அந்தத் தாகத்தை யாரும் அவருக்கு ஊட்டவில்லை. அது வருவதற்கு இடம் இருந்தது, நேரம் இருந்தது. வீட்டில் கற்பிக்கும் நம்மவர் தவறுவது இங்கே என்று நினைக்கிறேன். பள்ளியில் இல்லாத பயத்தினால், பள்ளியைவிட அதிகமாகப் பிள்ளையின் நாளை நிரப்பிவிடுகிறோம். ஒன்பது மணிக்குத் தமிழ், பத்து மணிக்குக் கணக்கு, இடையில் மூச்சு விட்டால் "சோம்பேறி".

நான் நட்சத்திர அட்டையைக் கழற்றினேன். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் மூன்று வாரம் அவன் ஒன்றும் செய்யவில்லை. அம்மாவுக்கு என்மேல் கோபம். "உன் புத்தகத்தில் படித்ததை என் பிள்ளைமேல் சோதித்துப் பார்க்காதே" என்றார். அட்டையைத் திரும்ப மாட்டிவிடலாமா என்று எனக்கும் சபலம் தட்டியது. கணக்கும் வாசிப்பும் தினம் ஒரு மணி நேரம் கட்டாயம் என்பதை மட்டும், போலின் அக்காளைப் போல, நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. மற்ற நேரம் அவனுடையது. பாட்டிக்கு நான் வாசித்தேன்.

அவன் கட்டிலுக்கு அருகே ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே பஸ் நிறுத்தம். ஒரு நாள் என் புதிய கோடு போட்ட நோட்டைக் காணவில்லை என்று தேடியபோது அது அவன் தலையணைக்கு அடியில் கிடந்தது. திட்டுவதற்கு வாயெடுத்தேன். உள்ளே பக்கம் பக்கமாக எண்கள். 7-ஆம் நம்பர் டவுன் பஸ், திங்கள் 8.12, செவ்வாய் 8.31, பக்கத்தில் '19 நிமிஷம் லேட்'. மணியில் கழித்தல் கணக்கை நான் பதினெட்டு நட்சத்திரம் செலவழித்துச் சொல்லிக்கொடுத்தும் வராமல் போனது. யாரும் சொல்லாமல் அவன் நாற்பது கணக்கு செய்து வைத்திருந்தான். இரண்டு இடத்தில் தவறு இருந்தது. அன்று நான் அதைத் திருத்தவில்லை. மறுநாள் அவனே ஒன்றைக் கண்டுபிடித்தான்.

போன மாதம், "நாளைக்கு எத்தனை மணிக்கு வரும்னு எப்படி அக்கா கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டான். சராசரி அவன் வகுப்புப் பாடத்தில் இல்லை. என் பழைய கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்து இருவரும் உட்கார்ந்தோம். நட்சத்திர அட்டையின் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் அதில் ஓர் அட்டவணை எழுதி ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறான். தெருவில் இரண்டு மூன்று பேர் இப்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் புறப்படுகிறார்கள். பாட்டிக்கு இன்னமும் நான்தான் பைபிள் வாசிக்கிறேன். நேற்று ஒரு சொல்லை நான் தவறாக வாசித்தபோது, கட்டிலில் இருந்தபடியே அவன் திருத்தினான்.