அடையாறு செம்பரம்பாக்கத்தில் பிறக்கவில்லை

 

மழைக்காலம் வந்தால் போதும், டிவிக்காரர்கள் செம்பரம்பாக்கம் மதகு முன்னால் நின்று அடையாற்றுக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற எனக்குக் காது கூசுகிறது.

அடையாறு மலையில் பிறந்த ஆறு அல்ல. ஏரிகள் நிரம்பி, கலங்கல் வழிந்து உண்டான ஆறு. மணிமங்கலம் அருகே மலைப்பட்டு ஏரியில் தொடங்குகிறது என்பார்கள் சிலர், ஆதனூர் ஏரி என்பார்கள் சிலர். எதுவானாலும் நம்ம பக்கம்தான். ஒரத்தூர், படப்பை, மணிமங்கலம், சோமங்கலம் ஏரிகளின் உபரிநீரும் இதற்குத்தான் போகிறது. (மணிமங்கலத்தில் பல்லவன் புலிகேசியை வென்றது பிள்ளைகளுக்குத் தெரிகிறது. அந்த ஊர்த் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள்.) அந்தத் தண்ணீர் வரதராஜபுரம், முடிச்சூர் தாண்டிப் போன பிறகு, திருநீர்மலை அருகேதான் செம்பரம்பாக்கம் உபரிநீர் வந்து சேருகிறது. பிறகு அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், கடல். மொத்தமே சுமார் 42 கிலோமீட்டர்.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா?

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்தில் 29,000 கன அடி திறந்தார்கள். அதைப் பற்றி விசாரிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தத் தண்ணீர் சேரும் இடத்துக்கு மேலே இருக்கின்றன. கீழே ஆறு பெருகினால் மேலே வடிவது தாமதமாகும், சரி. வந்த தண்ணீர் யாருடையது? அன்று தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. நவம்பரிலேயே முடிச்சூர் மூழ்கியதே, அப்போது எந்த மதகைக் குற்றம் சொல்வது?

பழியை எங்கோ இருக்கும் மதகின் மேல் போட்டுவிட்டால், இங்கே கலங்கலுக்குக் கீழே மனை போட்டவரை யாரும் கேட்க மாட்டார்கள். அனுமதி கொடுத்தவரையும் கேட்க மாட்டார்கள். இருவருக்கும் வசதி.

படப்பைப் பக்கம் மனை வாங்குகிறவர்கள் பட்டாவும் வில்லங்கமும் பார்த்தால் போதாது. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் கேட்டுப் பாருங்கள். பக்கத்து சர்வே எண்ணில் ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் நேரில் போய்த் தேடுங்கள். அங்கே வாய்க்கால் இல்லாமல் சுற்றுச்சுவர் நின்றால் முன்பணம் கொடுக்காதீர்கள். புகார் எழுதி, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.